வீட்டுக்குக் காவல் பாட்டி. பாட்டிக்குக் காவல் யார்?

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

ஊர் தூங்குகிறது. ஆனால் ஒரகடம் கூட்டு ரோடு விழித்துக் கொண்டது. கம்பெனி பஸ்கள் வரிசையாக வருகின்றன. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஓட்டமும் நடையுமாக வந்து ஏறுகிறார்கள். அதே பஸ்கள்தான் இரவு ஷிப்டு முடிந்தவர்களைத் திரும்ப அழைத்து வரும்.

மகன் ஒரு பஸ்சில் போகிறான். மருமகள் இன்னொரு பஸ்சில் போகிறாள்.

வீட்டில் பேரன் தூங்குகிறான். அவன் பக்கத்தில் பாட்டி உட்கார்ந்து இருக்கிறார். பையன் எழுந்ததும் பல் துலக்கிவிட வேண்டும். சோறு ஊட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குடம் வைக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை பல வீடுகளில் இதுதான் காலை நேரம்.

இங்கே செய்யும் கார்கள் கப்பல் ஏறி வெளிநாடு போகின்றன. அவற்றைச் செய்கிறவர்கள் கவலை இல்லாமல் வேலைக்குப் போவதற்கு யார் காரணம்? வீட்டில் இருக்கும் தாத்தாவும் பாட்டியும்தான்!

வீட்டுக்கு அவர்கள் காவல். சரி, அவர்களுக்குக் காவல் யார்?

வயல் போச்சு, ஆலை வந்தது

இன்று தாத்தாவாக, பாட்டியாக இருப்பவர்கள் இந்த ஊரை வேறு விதமாகப் பார்த்தவர்கள். ஏரிப் பாசனம். நெல் வயல். மாட்டு வண்டி.

பிறகு காலம் மாறியது.

சென்னையில் இருந்து பெங்களூர் போகும் சாலையில், சுமார் 40 கிலோ மீட்டரில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். அதற்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் "ஹூண்டாய்" கார் தொழிற்சாலை எழுந்தது. அங்கிருந்து 1998-ம் ஆண்டு முதல் கார் வெளியே வந்தது.

2006-ல் "நோக்கியா" டெலிபோன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் "ரெனோ-நிசான்" கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012-ல் "டைம்லர்" லாரித் தொழிற்சாலை. 2013-ல் "ராயல் என்பீல்டு" மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை.

வந்த ஆலைகள் எல்லாம் நிலைத்து நிற்கவில்லை. 2014-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி நோக்கியா தொழிற்சாலை மூடப்பட்டது. வேலை போன பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள்? அம்மா அப்பா இருக்கும் வீட்டுக்குத்தானே!

வெளியூர்ப் பெண்கள் ஏராளமானோர் இங்கே வேலை பார்க்கிறார்கள். அவர்கள் தங்குவதற்காக வல்லம்-வடகாலில் மிகப் பெரிய விடுதி கட்டப்பட்டது. 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. அதில் 18 ஆயிரத்து 720 பெண்கள் தங்கலாம்! ஒரு சிறிய நகரத்தின் ஜனத்தொகை அது.

வேலைக்காகப் பிள்ளைகளைப் பிரிந்து வந்த தாய்மார்களும் உண்டு. அந்தப் பிள்ளைகள் தூரத்துக் கிராமத்தில் ஆயாவிடம் வளர்கிறார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டெலிபோன் வரும்.

"பாப்பா சாப்பிட்டாளா ஆயா?"

"சாப்பிட்டாடி. நீ சாப்பிட்டியா?"

குடும்பச் செய்தி அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பேச்சு இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் தூக்கம் வராது.

பாட்டிக்கு எத்தனை ஷிப்டு?

ஆலையில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு ஷிப்டுதான். சங்கு ஊதினால் வேலை முடிந்தது.

பாட்டிக்குச் சங்கு உண்டா?

மகனுக்கு இரவு ஷிப்டு என்றால் அவன் பகலில் தூங்குவான். சத்தம் போடாமல் குழந்தையை வைத்துக்கொள்ள வேண்டும். மருமகளுக்கு மாலை ஷிப்டு என்றால் அவள் நடுநிசியில் வருவாள். கதவு திறக்க விழித்திருக்க வேண்டும். விடிந்தால் மறுபடியும் பேரன்.

மூன்று ஷிப்டையும் சேர்த்துப் பார்ப்பவர் பாட்டி!

தாத்தாவுக்கும் ஓய்வு இல்லை. ரேஷன் கடைக்கு அவர்தான் போக வேண்டும். பேத்தியைப் பள்ளியில் விட்டு, அழைத்து வர வேண்டும். இடையில் பெரிய சாலையைத் தாண்ட வேண்டும். அதில் கண்டெய்னர் லாரிகள் பறக்கின்றன.

இவ்வளவுக்கும் நடுவில் அவர்கள் ஒன்றை மறந்து விடுகிறார்கள். தங்கள் உடம்பை!

"எனக்கு என்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

சத்தம் போடாத வியாதி

பல் வலித்தால் தெரியும். காலில் முள் குத்தினால் தெரியும். ரத்தக் கொதிப்பு வந்தால் தெரியாது.

பெரும்பாலோருக்கு அது எந்த அறிகுறியும் காட்டுவது இல்லை. உள்ளேயே இருந்து இருதயத்தையும், மூளையையும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரு நாள் திடீர் என்று பக்கவாதமாக வெளியே வரும்.

அளந்து பார்ப்பது ஒன்றுதான் வழி.

அளக்கும்போது 140-க்கு 90 என்ற கணக்கை எட்டினாலோ, தாண்டினாலோ அதை ரத்தக் கொதிப்பு என்பார்கள். ஒரு தடவை அளந்து முடிவு செய்ய மாட்டார்கள். இன்னொரு நாளும் அளந்து பார்ப்பார்கள்.

சர்க்கரை வியாதியும் இதே ஜாதிதான். வெறும் வயிற்றில் ரத்தத்தில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை வியாதி என்பது டாக்டர்களின் கணக்கு.

உப்பைக் குறைப்பது நல்லது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்குள் இருக்க வேண்டும். அதாவது சுமார் 5 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது. ஊறுகாயிலும், அப்பளத்திலும், கருவாட்டிலும் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

வீடு தேடி வரும் மாத்திரை

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் பாட்டிக்கு நேரம் இல்லை. பேரனை யாரிடம் விட்டுப் போவது?

இந்தக் கஷ்டத்துக்கு ஒரு வழி இருக்கிறது.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயர் "மக்களைத் தேடி மருத்துவம்". ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி உள்ளவர்களின் வீட்டுக்கே சென்று சோதித்து, மாத்திரை கொடுப்பதற்காக இந்தத் திட்டம் வந்தது. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுப்பதும் இதில் சேர்ந்தது. 2024-ல் இதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது.

எனவே, கிராமத்துச் சுகாதாரச் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிந்து கொள்ள வேண்டும்.

மாத்திரை வீட்டுக்கு வந்தால் மட்டும் போதாது. வாய்க்குப் போக வேண்டும்!

இதில் வீட்டுக்கு வீடு நடக்கும் தவறுகள் மூன்று.

ஒன்று: "உடம்பு சரியாகி விட்டது" என்று தாங்களே மாத்திரையை நிறுத்துவது. மாத்திரை சாப்பிடுவதால்தான் உடம்பு சரியாக இருக்கிறது. அதை மறக்கக் கூடாது.

இரண்டு: நேற்று மறந்ததை இன்று சேர்த்து இரண்டாகப் போடுவது. இது ஆபத்து.

மூன்று: பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவது. அவருடைய கண்ணாடி உங்களுக்குப் பொருந்துமா? அப்படித்தான் மாத்திரையும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிக்குப் பேத்தி ஒரு உதவி செய்யலாம். காலை மாத்திரை டப்பாவில் ஒரு சூரியன் வரையலாம். ராத்திரி மாத்திரை டப்பாவில் ஒரு நிலா வரையலாம். காசு செலவு இல்லை. தவறும் வராது.

முகம், கை, பேச்சு

பக்கவாதம் வந்தால் தெரிந்து கொள்வது எப்படி?

முகம் ஒரு பக்கம் கோணும். ஒரு கையைத் தூக்க முடியாது. பேச்சு குழறும். இந்த மூன்றில் ஒன்று திடீர் என்று வந்தாலும் உடனே 108-க்கு டெலிபோன் செய்ய வேண்டும்.

கை வைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்கக் கூடாது. "விடியட்டும், மகன் ஷிப்டு முடிந்து வரட்டும்" என்று காத்திருக்கக் கூடாது. மூளையில் ரத்தம் உறைந்து அடைத்து இருந்தால், அதைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சிலருக்குத்தான் அது பொருந்தும். யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சோதித்துச் சொல்ல முடியும். அதற்கும் நேரம் வேண்டுமே!

வீட்டில் பெரியவர் மட்டும் இருக்கும்போது இது நடந்தால்? அதனால்தான் பேரன் பேத்திக்கும் 108 என்ற எண்ணைச் சொல்லித் தர வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகூட மூன்று எண்ணை அழுத்தும்.

கைத்தடி அவமானமா?

வயதானவர்களுக்கு இன்னொரு எதிரி இருக்கிறது. அது ஈரத் தரை!

குளியல் அறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அதோடு நடமாட்டமே நின்று போகலாம். சுவரில் ஒரு கைப்பிடி, இரவில் ஒரு சிறு விளக்கு, வழுக்காத செருப்பு. இவை போதும். பாதி ஆபத்து போய்விடும்.

ஆனால் கைத்தடி பிடிக்கச் சொன்னால் தாத்தாவுக்குக் கோபம் வரும். "நான் என்ன கிழவனா?" என்பார்.

அவருக்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே ஒரு பதில் இருக்கிறது.

இந்த ஊரில் பிறந்தவர் ராமானுஜர். 1017-ம் ஆண்டு பிறந்தார் என்பது வைணவ மரபு. 2017-ல் அவருடைய ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்டது. 120 வயது வரை வாழ்ந்தார் என்று சொல்வார்கள்.

ஸ்ரீரங்கத்தில் இருந்தபோது அவர் காவிரிக்குக் குளிக்கப் போவார். போகும்போது முதலியாண்டானின் கையைப் பிடித்துக் கொள்வார். முதலியாண்டான் அவருடைய சகோதரி மகன். அந்தணர். குளித்துவிட்டுத் திரும்பும்போது உறங்காவில்லி தாசரின் கையைப் பிடித்துக் கொள்வார். தாசர் மல்யுத்தம் செய்த குலத்தில் வந்தவர். "குளித்த பிறகு இவர் கையைப் பிடிக்கலாமா?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். ராமானுஜர் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஜாதிச் செருக்குக்கு அவர் கொடுத்த அடி என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். அது உண்மை. இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. உலகம் வணங்கிய பெரியவரே இன்னொருவர் கையைப் பிடித்துத்தான் நடந்தார். அதில் அவருக்கு வெட்கம் இல்லை.

நமக்கு மட்டும் ஏன் வெட்கம்?

விரதமும் மாத்திரையும்

சித்திரை மாதம் வந்தால் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் ராமானுஜர் அவதார விழா. சித்திரைத் திருவாதிரை அவர் பிறந்த நாள். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லக்கோட்டை முருகன் கோவில். கிருத்திகை என்றால் அங்கே கூட்டம் நெரியும்.

தாத்தா பாட்டிக்குக் கோவில் என்பது சாமி கும்பிடும் இடம் மட்டும் அல்ல. பழைய சிநேகிதர்களைப் பார்க்கும் இடம். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் பேத்தி பாஸ் செய்தாள் என்று கேட்டுத் தெரிந்து கொள்ளும் இடம். பள்ளிவாசலுக்கும், மாதா கோவிலுக்கும் போகும் பெரியவர்களுக்கும் அப்படித்தான். தனிமை என்ற வியாதிக்கு இது நல்ல மருந்து.

ஆனால் ஒரு எச்சரிக்கை!

சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ, ஊசியோ போடுகிறவர்கள் விரதம் இருக்கும்போது கவனமாக இருக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். உடம்பு வியர்க்கும். கை நடுங்கும். தலை சுற்றும். நினைவுகூடத் தப்பலாம்.

அப்படி வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். "விரதம் கெட்டுவிடுமே" என்று பார்க்கக் கூடாது. மயங்கி விட்டவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

கிருத்திகை ஆனாலும், ஏகாதசி ஆனாலும், ரம்ஜான் நோன்பு ஆனாலும் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. உயிரை வாட்டி விரதம் இருக்கும்படி எந்தச் சாமியும் கேட்கவில்லை.

பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் முன்

இனி, பலரும் வெளியே சொல்லாத ஒரு விஷயம்.

ஆலைகள் வந்ததால் இந்தப் பகுதியில் நிலத்தின் விலை ஏறியது. ஒரு காலத்தில் யாரும் சீந்தாத மேட்டு நிலம்கூட இன்று சொத்து. அந்தச் சொத்து பெரும்பாலும் தாத்தா, பாட்டி பெயரில் இருக்கும்.

"எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்து விடுங்கள்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பாசத்தில் பெரியவர்களும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போடுவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் நல்லவர்கள். கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவார்கள்.

ஆனால் சில வீடுகளில், பத்திரம் கைமாறிய பிறகு பேச்சும் மாறிவிடுகிறது. கூடத்தில் இருந்த கட்டில் திண்ணைக்கு வருகிறது.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2007-ம் ஆண்டு, பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. அதன் முக்கிய விவரங்கள் இதோ:

பிழைக்க வழி இல்லாத பெற்றோரைப் பிள்ளைகள் காப்பாற்ற வேண்டும். மகன் மட்டும் அல்ல. மகளுக்கும் கடமை உண்டு. வயது வந்த பேரன் பேத்திக்கும் உண்டு.

காப்பாற்றாவிட்டால் ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டியது இல்லை. மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கும்படி உத்தரவு போட, சட்டத்தில் இடம் இருக்கிறது.

முதியோரை அனாதையாக விட்டுவிட்டுப் போனால் அது குற்றம். 3 மாதம் வரை ஜெயில் தண்டனை கிடைக்கலாம்.

சொத்து விஷயம் சட்டத்தின் 23-வது பிரிவில் இருக்கிறது. "என்னைக் காப்பாற்ற வேண்டும்" என்ற நிபந்தனையோடு 60 வயது கடந்தவர் சொத்தை எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வாங்கியவர் காப்பாற்றவில்லை. அப்படியானால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யும்படி கேட்கலாம்! இந்தச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கு இது பொருந்தும்.

நிபந்தனை இருந்தால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கு வந்தது. இந்தச் சட்டம் முதியோரின் நன்மைக்காக வந்தது, அதைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று அதே கோர்ட்டு கூறி, ஒரு தாயாருக்குச் சொத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

ஆகவே, எழுதிக் கொடுப்பதாக இருந்தால் அந்த ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். பிறகுதான் கையெழுத்தோ, கைநாட்டோ!

"மகன் மேல் சந்தேகமா?" என்று கேட்பார்கள். சந்தேகம் இல்லை. வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறோம். ஊரார் எல்லோரும் திருடர் என்றா அர்த்தம்?

இன்னொரு வழியும் உண்டு. உயில் எழுதி வைக்கலாம். அது எழுதியவரின் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் அதை மாற்றலாம்.

முதியோருக்கு உதவி செய்வதற்கென்றே ஒரு டெலிபோன் எண் இருக்கிறது. அது 14567. காசு செலவு இல்லை.

ஆதரவு இல்லாத ஏழை முதியோருக்கு அரசாங்கப் பென்ஷனும் உண்டு. தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962-ல் தொடங்கியது. 2023 ஆகஸ்டு முதல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. தகுதி உள்ளவர்கள் தாசில்தார் ஆபீசில் விசாரிக்கலாம்.

பெரியவர் தூக்கிய பானை

உரிமை வீட்டோடு முடிந்து விடுவது இல்லை. ஊரிலும் பெரியவர்களுக்கு உரிமை இருக்கிறது.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே கோவில் சுவரில் ஒரு கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியது. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அதில் எழுதி இருக்கிறது. அதுதான் புகழ் பெற்ற குடவோலை முறை.

தேர்தல் அன்று ஊரில் உள்ள சிறியவர், பெரியவர் எல்லோரும் கூடுவார்கள். பெயர் எழுதிய ஓலைகள் பானையில் இருக்கும். அங்கே இருக்கும் கோவில் நம்பிமாரில் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி பானையை உயரத் தூக்குவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான்.

பானையைத் தூக்குவது முதியவர். ஓலையை எடுப்பது குழந்தை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர் நம்பியது இந்த இருவரைத்தான்!

அந்தத் தேர்தலில் எல்லோரும் நிற்க முடியாது. நிலமும், சொந்த வீடும், வேதப் படிப்பும் வேண்டும். வயது 35-க்கு மேல் இருக்க வேண்டும். 70-க்குள் இருக்க வேண்டும்.

இன்று அந்தத் தடைகள் இல்லை. படிப்பு வேண்டாம், சொத்து வேண்டாம். வயதுக்கு மேல் எல்லையும் கிடையாது.

2021 அக்டோபரில் நடந்த ஊராட்சித் தேர்தலில், நெல்லை மாவட்டம் சிவந்திப்பட்டியில் ஊராட்சித் தலைவியாக ஒரு பாட்டி ஜெயித்தார். அவர் பெயர் பெருமாத்தாள். அப்போது அவருக்கு வயது என்ன தெரியுமா? 90!

கிராமசபையில் நாற்காலி

தலைவர் ஆவது எல்லோராலும் முடியாது. கிராமசபைக்குப் போவது எல்லோராலும் முடியும்.

சட்டசபையில் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்தான் பேச முடியும். கிராமசபையில் நாமே பேசலாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். நீங்களும் உறுப்பினர்தான்.

தமிழ்நாட்டில் கிராமசபைக்கு ஆண்டுக்கு 6 நாட்கள் குறிக்கப்பட்டு இருக்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

பெரியவர்கள் அங்கே போய் என்ன கேட்பது?

சாலையைத் தாண்டும் இடத்தில் விளக்குக் கேட்கலாம். வேகத்தடை கேட்கலாம். பஸ் நிற்கும் இடத்தில் உட்காரத் திண்ணை கேட்கலாம். மாத்திரை ஒழுங்காக வருகிறதா என்று கேட்கலாம். கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம்.

அவர்களால் மட்டும் சொல்லக் கூடிய ஒன்றும் இருக்கிறது.

இந்தப் பகுதி ஏரிகள் நிறைந்த பகுதி. எந்த ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்த வழியாகப் போகும், கலங்கல் எங்கே, வரத்துக் கால்வாய் எங்கே என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். புதிதாகக் கட்டடம் கட்டுகிறவர்களுக்குத் தெரியாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறந்துவிட்டபோது, அடையாற்றில் ஓடிய வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. "இது தண்ணீர் போகும் வழி. இங்கே மண் கொட்டாதே" என்று ஒரு தாத்தா எழுந்து சொன்னால், அது ஒரு தெருவையே காப்பாற்றும்.

ஓட்டுப் போடுவதையும் விடக் கூடாது. 2024 ஏப்ரல் 19-ந் தேதி தமிழ்நாட்டில் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. அதில் 85 வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தபடியே ஓட்டுப் போட வசதி செய்யப்பட்டது. அதிகாரிகள் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்கள். ஒரு கிழவரின் ஓட்டுக்கு அவ்வளவு மதிப்பு!

ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது

ஆலைக்கு வாரம் ஒரு நாள் லீவு. அன்றைக்குப் பாட்டிக்கும் ஒரு லீவு கொடுக்க வேண்டும்.

அன்று மகன் சமைக்கட்டும். மருமகள் பேரனைப் பார்த்துக் கொள்ளட்டும். தாத்தாவையும் பாட்டியையும் கோவிலுக்கு அனுப்பலாம். மாத்திரை டப்பாவைத் திறந்து எத்தனை மீதி என்று எண்ணிப் பார்க்கலாம். ரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறிக்கலாம். குளியல் அறையில் கைப்பிடி இல்லை என்றால் ஒரு கைப்பிடி மாட்டலாம்.

ஆலையில் ஒரு சின்ன சத்தம் கேட்டாலும் மெஷினை நிறுத்திப் பார்க்கிறோம். எண்ணெய் போடுகிறோம். தேதி வைத்துப் பழுது பார்க்கிறோம். வீட்டில் ஓயாமல் உழைக்கும் அந்த உடம்பைப் பார்ப்பதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் இல்லையா?

தூரத்தில் இருப்பவர்களும் ஒன்று செய்யலாம்.

இன்று ராத்திரி டெலிபோன் மணி அடிக்கும். "நீ சாப்பிட்டியா?" என்று ஆயா கேட்பார். அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேளுங்கள்:

"ஆயா, மாத்திரை போட்டியா?"